ஏலாது என்று சொல்லத் தெரிந்தவள்

அவள் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாறுமாறாகப் பேசுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். தேனொழுகப் பேசுவாள். என் வயிற்றெரிச்சலே அதுதான். "அக்கா, தாகமாக் கிடக்கு, தண்ணி தாங்கோ." "அக்கா, பசிக்குது, என்ன சமைச்சனீங்கள்?" "அண்ணை, என்னால ஏலாது, நீங்களே இதைத் தூக்கி வையுங்கோ." பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஏதாவது ஒன்றைக் கேட்டிருப்பாள். கேட்கிறோமே, என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் கொஞ்சமாவது வேண்டாமா? மருந்துக்கும் கிடையாது.

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு மிட்வைஃபாக வந்தவள் அவள். யாழ்ப்பாணத்துப் பெண். ஊரே அவளை 'மிஸ்' என்றது. நான் மனதுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன், அதை இங்கே எழுத முடியாது. பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறுகிற ரோட்டில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. முன்பக்கம் தகரம் போட்டு என் வீட்டுக்காரர் பைக் கராஜ் வைத்திருக்கிறார். உள்ளே ஜன்னலோரம் என் தையல் மெஷின். ஜன்னலைத் திறந்தால் கராஜில் நடப்பது எல்லாம் தெரியும், பேசுவது எல்லாம் கேட்கும். அந்த ஜன்னலை நான் அந்த வருஷம் மூடவே இல்லை, மழைச்சாரல் அடித்தபோதும்கூட.

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஓட்டினால் ஸ்கூட்டர்தான் ஓட்டுவார்கள். இவள் கியர் பைக்கில் வந்து இறங்கினாள். கட்டாருக்கு வேலைக்குப் போன அண்ணன் விட்டுப்போன பைக்காம். ஆள் ஒல்லி, கை சின்னக் கை, பைக்கோ பெரியது. வடக்கில் ரோடு சமதரை, ஒரு கியரைப் போட்டால் போய்க்கொண்டே இருக்கலாம். கலஹா ரோட்டில் அந்தக் கதை நடக்குமா? வளைவுக்கு வளைவு கிளச்சைப் பிடிக்க வேண்டும், பஸ் வந்தால் பிடிக்க வேண்டும், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு ஏறுகிற குண்டும் குழியுமான ரோட்டில் பிடித்த கையை விடவே முடியாது.

முதல் நாள் அவள் வந்து நின்று சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இடது கையை என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள்.

"அண்ணை, இந்தக் கிளச் சரியான இறுக்கமாக் கிடக்கு. பின்னேரமானா விரலெல்லாம் விறைச்சுப் போகுது. பிள்ளையளைத் தூக்கித் தராசில நிறுக்கேக்க கை நழுவிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. என்னால ஏலாது. லேசாக்கித் தாங்கோ."

என் வீட்டுக்காரர் பொதுவாகவே வாய் திறக்காத மனுஷன். வீட்டில் அவர் பேசுகிற பேச்சு, அரிசி முடிஞ்சிருச்சா, கரண்ட் போயிருச்சா, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், பிறகு கராஜ் கதவை ஆட்டி ஆட்டி விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இந்தா பாருங்க மிஸ். கதவை விளிம்புல தள்ளுனா லேசா தொறக்கும். கீல்கிட்ட தள்ளுனா ஏலாது. உங்க கிளச் கேபிளோட அடுத்த நுனி இன்ஜின்ல ஒரு சின்ன இரும்புக் கையைப் பிடிச்சு இழுக்குது. அந்தக் கை கட்டையா இருக்குறதாலதான் உங்க கை நோகுது. அதை நீட்டிட்டா லேசாயிரும். ஆனா ரொம்ப நீட்டவும் ஏலாது, கிளச் முழுசா விடாது, நிக்கிற இடத்துல பைக் தானா நகரும். அளவாப் பண்ணணும்."

"ஓ, அப்பிடியோ!" என்று அவள் கதவை விளிம்பிலும் கீல் பக்கமும் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்தாள். நான் பிளேன்டீயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கலியாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கதவை நானும்தான் திறந்து மூடுகிறேன். எனக்கு ஒருநாளாவது எதையாவது இப்படி ஆற அமர விளக்கியிருக்கிறாரா இந்த மனுஷன்? 'உங்க கை நோகுது' என்று வேறு சொல்கிறார். அது அவள் ஊர்ப் பேச்சு; எங்கள் வீட்டில் யாருக்கும் நோகாது, வலிக்கத்தான் செய்யும். அடுத்த கிழமையே அவர் வாயில் 'ஆமா' போய் அவளுடைய 'ஓம்' வந்துவிட்டது. சோறு போடவா என்று கேட்கிறேன், "ஓம்" என்கிறார்! கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

அண்ணை என்றுதானே கூப்பிடுகிறாள், அதற்கு ஏன் இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். எதிர்க்கடை அக்காவும் அப்படித்தான் கேட்டாள், கேட்டுவிட்டு அவளே, "ஆனா மிஸ்ஸோட பைக்குக்கு மட்டும் அடிக்கடி வருத்தம் வருதே புள்ள?" என்று கண்ணைச் சிமிட்டினாள். உள்ளதைச் சொல்கிறேன், என் புருஷன் என் கையை விட்டுப் போய்விடுவார் என்று நான் பயந்தேன். எங்கேயும் ஓடிப் போக மாட்டார், அந்தத் தைரியமெல்லாம் அவருக்கு இல்லை. ஆனால் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் அங்கே இல்லாமல் போக ஒரு நிமிஷம் போதும். அதைத்தான் பயந்தேன்.

அவளுக்கு என்னிடமும் கேட்கத் தெரியும். வெள்ளை யூனிஃபோமைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் போட்டாள். "அக்கா, தோள்பட்டை இறுக்குது, கையைத் தூக்க ஏலாமக் கிடக்கு. கொஞ்சம் விட்டுத் தாங்கோ." விட்டுக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். என்னிடம் தைக்க வருகிற பெண்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. இறுக்கமாக இருந்தாலும், பரவாயில்லை அக்கா, போகப் போக விட்டுக் கொடுக்கும் என்று போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நான் அந்த ரகம்தான். தோட்டத்தில் வளர்ந்தவள். ஏலாது என்று எங்கள் அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் கங்காணி சிரிப்பான், பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவள் சிரிப்பாள், வீட்டில் அப்பா சிரிப்பார். அதனால் எனக்கு அந்த வார்த்தை தொண்டைக்கு மேல் வராது. இவளுக்கோ நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. சொன்னதும் ஆட்கள் ஓடி ஓடிச் செய்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. இது என்ன நியாயம்?

என்னை அவள் பைக் விஷயத்துக்குள் இழுத்துவிட்டவர் என் வீட்டுக்காரர்தான். சனிக்கிழமை பைக்கை விட்டுவிட்டு அவள் பஸ்ஸில் போய்விடுவாள், திங்கள் காலையில் எடுக்க வருவாள். ஞாயிற்றுக்கிழமை அவர் புதுக் கேபிள் போட்டு, எண்ணெய் விட்டு, இன்ஜின் பக்கத்து இரும்புக் கையைக் கொஞ்சம் நீட்டி வெல்டிங்கில் ஒட்டவைத்தார். பிறகு லீவரைத் தானே பிடித்துப் பிடித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"என் கைக்கு எல்லாமே லேசாத்தான் இருக்கு. ஒரு பொம்பளக் கை வேணும். இந்தா, இங்க வா, பிடிச்சுப் பாரு."

தேங்காய் துருவிய கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு லேசாக இருக்கிறதா என்று பார்க்க என் கை! சரி, பிடித்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சுருக்கென்று ஒரு வலி ஓடியது. வருஷக்கணக்காகத் துணியை இழுத்து இழுத்துத் தைத்த கை, அதற்கு முன்னாலேயே சரியில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படி?"

"லேசாத்தான் இருக்கு."

பின்னே என்ன சொல்வது? அவளால் ஏலாததை என்னால் ஏலும் என்று காட்டக் கிடைத்த ஒரே இடம் அது. நான் மூன்று தடவை பிடித்துக் காட்டினேன், முகம் சுளிக்காமல். "இதுக்கா இவ்வளவு கூத்து?" என்று ஒரு வார்த்தையும் போட்டுவிட்டு வந்தேன். குசினிக்கு வந்து கையைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் ஒரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, "முந்தியை விடப் பரவாயில்லை அண்ணை" என்று போனாள். சின்ன வித்தியாசம் இருந்திருக்கும்தான். கிழமைக் கடைசியில் திரும்பி வந்தாள். "இல்லை அண்ணை. நாள் முழுக்க ஓடினா பழையபடிதான். ஏலாது."

அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். என்னைக் கூப்பிட்டார். நான் பிடித்தேன். லேசு என்றேன். அவள் எடுத்துப் போனாள், திரும்ப வந்தாள். வந்தால் சும்மா வருவாளா? ஒரு சீப்பு வாழைப்பழம், லயத்தில் யாரோ கொடுத்த பூசணிக்காய், ஒரு மணி நேரப் பேச்சு. அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பார். நான் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மெஷினை வேகமாக மிதிப்பேன். அவளை அந்த முற்றத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது என் வாயில் வந்த 'லேசு'தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். பொறாமை வந்தால் கண் தெரியாது என்பார்களே, எனக்குக் கணக்கும் தெரியாமல் போனது.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "நீ லேசுங்கிற. அவங்க இறுக்கம்ங்கிறாங்க. அப்ப இரும்புக் கையை நீட்டுறதுல இனி ஒன்னும் இல்ல. உள்ள இருக்கிற ஸ்ப்ரிங்கைத்தான் மாத்தணும்." சொல்லும்போதே அவருக்கு மனசில்லை. ஸ்ப்ரிங் இளக்கமாக இருந்தால் ஏற்றத்தில் கிளச் வழுக்கும் என்று ஊரெல்லாம் பையன்களுக்குப் புத்தி சொல்கிற ஆள் அவர். இருந்தும் இன்ஜினைத் திறந்து இளக்கமான ஸ்ப்ரிங் போட்டார். இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டபோது லீவர் உண்மையிலேயே பஞ்சாக இருந்தது. நான் வழக்கம்போல லேசு என்றேன். அந்த ஒரு நாள் நான் பொய் சொல்லவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஒன்று எங்கள் வாசலில் நின்றது. பின்னால் கொழுந்துச் சாக்குக்கு நடுவே அவள் பைக் படுத்திருந்தது. முன்னால் டிரைவர் பக்கத்திலிருந்து அவள் நொண்டிக்கொண்டு இறங்கினாள். முழங்காலில் ரத்தம். பிறந்த பிள்ளை ஒன்றைப் பார்க்க மேல் லயத்துக்கு ஏறியிருக்கிறாள். பாதி ஏற்றத்தில் இன்ஜின் அலறுகிறது, பைக் நகரவில்லை. பின்னால் உருள ஆரம்பித்ததும் ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் சாய்த்துவிட்டாள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் என் வீட்டுக்காரரைப் பிலுபிலுவென்று பிடித்திருப்பாள். நானாக இருந்தால் ஒன்றும் இல்லை, சின்னக் கீறல்தான் என்று சொல்லியிருப்பேன். அவள் கதிரையில் உட்கார்ந்து, "சரியான பயம் அண்ணை. கானுக்குள்ள கிடந்து அழுதிட்டன். லொறிக்கார அண்ணைதான் தூக்கிவிட்டவர்" என்றாள். அழுததைக்கூட இன்ன இடத்தில் அழுதேன் என்று சொல்ல ஒருத்தியால் முடிகிறது!

அவர் முகம் செத்துப் போயிருந்தது. நான் வெந்நீர் கொண்டுவந்து அவள் காலைக் கழுவினேன். துணி பட்டதும், "ஆ... அக்கா, நோகுது, மெல்ல, மெல்ல!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவள் மேல் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? பொறாமை. என் பிள்ளை பிறந்தபோதுகூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், நல்ல தைரியசாலி என்று நர்ஸ் சொன்னாள். ஒரே ஒரு தடவை இவளைப் போல வாயைத் திறந்து கத்தியிருக்கக் கூடாதா என்று அப்போது தோன்றியது.

அவர் அன்றைக்கு மற்ற வேலை எதையும் தொடவில்லை. பழைய ஸ்ப்ரிங்கையே திரும்பப் போட்டு மூடினார். முதலில் செய்த இரும்புக் கையை ஒட்டிய இடத்தில் வெட்டி இன்னும் ஒரு துண்டு வைத்தார். அவள் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து பிடித்துப் பார்க்க அவளுக்கு ஏலாதாம். அதனால் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்.

பிடித்தேன். முன்னைவிட நல்லதுதான், ஆனாலும் சுருக்கென்றது.

"எப்படி?"

"லேசுதான்."

"இல்லை அண்ணை" என்றாள் அவள், கதிரையிலிருந்து. "அக்காவுக்கு நோகுது."

"எனக்கு ஒன்னும் வலிக்கல."

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, நான் பிள்ளைப்பேறு பாக்கிறவள். நோ இல்லை, ஒண்டும் இல்லை எண்டு சொல்லுற பொம்பிளையளின்ர முகத்தைத்தான் நான் நாள் முழுக்கப் பாக்கிறன். நீங்கள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அல்லோ லீவரைப் பிடிக்கிறியள்?"

அவர் என்னைப் பார்த்தார். பைக்கைப் பார்க்கிற பார்வையை என்மேல் திருப்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "நெசமாவா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஆமா, வலிக்குது! மொத நாள்ல இருந்தே வலிக்குது! போதுமா?" என்று கத்திவிட்டேன். எதிர்க்கடை அக்கா கடைக்கு வெளியே வந்து நின்றாள். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் இரும்புக் கையைக் கழற்றினார், ஒரு நகத்தளவு நீட்டினார், மாட்டினார். "இப்ப?" "வலிக்குது." திரும்பக் கழற்றினார். "இப்ப?" "கொஞ்சம்." "இப்ப?" என் விரல்கள் லீவரோடு சும்மா போய் வந்தன. "இப்ப இல்ல" என்றேன். கேபிளை முறுக்கிச் சரிபண்ணி, ஸ்டார்ட் பண்ணி, கியரில் போட்டு லீவரைப் பிடித்து நிறுத்திப் பார்த்தார். பைக் ஆடாமல் அசையாமல் நின்றது. இத்தனை மாதம் இழுத்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கிளச்சுக்காக அவள் வரவேயில்லை. இன்ஜின் ஒயில் மாற்ற வருவாள், தண்ணீர் கேட்பாள், இருக்கிற ரொட்டியைச் சாப்பிடுவாள், "போட்டு வாறன் அக்கா" என்று போய்விடுவாள். பிறகு யாழ்ப்பாணத்துக்கே மாற்றல் கிடைத்துப் போய்ச் சேர்ந்தாள். மாற்றலும் கேட்டு வாங்கியதுதான். அம்மாவை விட்டு இருக்க ஏலாது என்று மேலதிகாரிக்கு முன்னால் அழுதாளாம். அதை எனக்குச் சொன்னதும் அவளேதான். இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்குப் பொறாமைதான், குறைந்தபாடில்லை.

ஆனால் அந்த லொறி வந்த நாளைச் சொல்லி முடிக்க வேண்டும். பின்னேரம் அவள் பஸ் ஏறிப் போன பிறகு, நான் கராஜில் கிடந்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். கையில் கிரீஸ், கழுவக்கூட இல்லை. குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண் செத்திருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன், சண்டைக்குச் சண்டை.

அவர் கேட்டது வேறு.

"வேற எதையெல்லாம் நீ லேசுன்னு எங்கிட்ட சொல்லியிருக்க?"

கோப்பைகளைத் தொட்டிக்குள் வைத்தேன். ஒன்னும் இல்லைங்க என்று சொல்ல வாய் தன் பாட்டுக்குத் திறந்துவிட்டது, நான்தான் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க" என்றேன். "நெறைய இருக்கு."